முப்பதாவது வாரத்தில் போனவள்

அந்தப் பையை மடியில வெச்சுக்க கண்ணு, நான் உக்காந்துக்கறேன். கரூருக்கா? நானும் கரூருதான். நல்லதாப் போச்சு. இந்த வண்டி ஊர் ஊருக்கு நின்னு நின்னுதான் போகும், பேச்சுத்துணை இல்லாட்டி எனக்குத் தலை சுத்தும்.

என்ன, போன்லயே படிக்கறயா? கதையா? தொடர்கதையா! இப்பவும் அதெல்லாம் வருதா? முடிஞ்சுதா? இன்னும் முடியலையா? அப்பச் சரி, போனை மூடி வெச்சுட்டு நான் சொல்றதைக் கேளு. முடியாத கதையைப் படிச்சுப்போட்டு அதை நம்பி எதையும் செஞ்சுராதே. நான் செஞ்சேன். அந்தக் கதை எப்படி முடிஞ்சுதுன்னு நாப்பத்தெட்டு வருசம் கழிச்சு இந்தத் தை மாசந்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

என்ற பேரு சம்பூரணம். ஈரோட்டுல லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கறேன். சம்பூரணக்கான்னு சொன்னா நாமக்கல் வரைக்கும் டிரைவருகளுக்குத் தெரியும். எழுபது வயசு ஆச்சு. இந்த வயசுல ஒரு கதைப்புஸ்தகத்துக்காகக் கோயமுத்தூர் போய் எண்பத்தாறு வயசுக் கெழவனை மெரட்டிப்போட்டு வந்திருக்கறேன். மெரட்டலை. கேட்டேன். அந்தாளு மெரண்டுட்டான், அது என்ற தப்பா?

மொதல்ல இருந்து சொல்றேன்.

எழுபத்தாறுல என்னைக் காங்கயம் பக்கம் ஒரு ஊருக்குக் கட்டிக் குடுத்தாங்க. ஊர் பேரு வேண்டாம், அவங்க பேரப்புள்ளைக இருக்கறாங்க. அவருக்குப் பேரு செங்கோடன். ரைஸ்மில்லுல சூப்பர்வைசர். குடி இல்லை. அடி இல்லை. சீட்டாட்டம் இல்லை. பேச்சும் இல்லை.

ஊமைன்னு நெனைச்சுக்காதே. மில்லுல பேசுவார். மாட்டுக்கிட்டப் பேசுவார். தேர்தல் வந்தா டீக்கடையில மணிக்கணக்காப் பேசுவார். என்கிட்ட மட்டும் அவங்கம்மா வழியாத்தான். சோத்துப் போசியோட நான் முன்னாலயே நிப்பேன். "அம்மா, அவளை இன்னுங் கொஞ்சம் சோறு போடச் சொல்லு"ம்பார். அந்தம்மா என் பக்கம் திரும்பி, "சோறு போடோணுமாம்"பாங்க. நான் போடுவேன். "போதும்னு சொல்லும்மா." "போதுமாம்." இப்படியே ஒண்ணரை வருசம். ராத்திரிக்கு என்ன பண்ணுவார்னு கேக்காதே. அதுக்கு மட்டும் அவங்கம்மா வரலை, அவ்வளவுதான்.

பக்கத்து ஊட்டு வாத்தியார் சம்சாரம் வாரப் பத்திரிகை வாங்குவாங்க. படிச்சுப்போட்டு வெள்ளிக்கிழமை ஊட்டுக்குப் பின்னால பொடக்காலி வேலிக்கு மேல நீட்டுவாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டற சாக்குல போய்ப் படிச்சுட்டு, பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடுத்தரோணும். அதுலதான் அந்தத் தொடர்கதை வந்துது. "தாழம்பூவும் தீக்குச்சியும்." எழுதினது சாருநாதன்னு ஒருத்தர்.

கதாநாயகி பேரு நிரஞ்சனா. ஜட்ஜ் பொண்டாட்டி. கையில்லாத ரவிக்கை போடுவா. தானே கார் ஓட்டுவா. ஆம்பளைகளோட டென்னிஸ் ஆடி ஜெயிச்சுப்போட்டு வேர்வையைத் தொடைச்சுக்கிட்டே வருவா. ஒரு வாரம் அந்த ஜட்ஜு பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான். இவ என்னமோ கேக்கறா, அவன் பதிலே சொல்லலை. இவ ஒரு தீக்குச்சியைக் கிழிச்சுப் பேப்பருக்கு நட்டநடுவுல வெச்சுட்டா! பேப்பர் பொசுங்கி ஓட்டை விழுகுது. அந்த ஓட்டை வழியா அவன் கண்ணைப் பாத்து, "நான் பேசிக்கொண்டிருக்கிறேன்"ங்கறா.

பொடக்காலியில நின்னு அந்த வரியை மூணுவாட்டி படிச்சேன். எங்க ஊட்ல பேப்பரும் இல்லை, கொளுத்த.

முப்பதாவது வாரம் அவ ஊட்டை விட்டுப் போயிட்டா. விடியக்காலை. ஜட்ஜு கண்ணைக் கசக்கிட்டு வர்றான். "நான் போகிறேன். காபி ஃபிளாஸ்க்கில் இருக்கிறது." அவ்வளவுதான். கார்க் கதவு சாத்தற சத்தம். தொடரும்.

அடுத்த செவ்வாக்கிழமை நான் போயிட்டேன்.

சிரிக்காதே. நெசமாத்தான். மத்தியானம் அவர் வந்து மணையில உக்காந்தார். "அம்மா, அவளை..."ன்னு ஆரம்பிச்சார். நான் நேரா அவர் மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன்: "நான் போறனுங்க. ரசம் அடுப்பு மேல இருக்குது." ஃபிளாஸ்க்குக்கு நான் எங்க போவேன்? அதுதான் ரசம். காரும் இல்லை. டிரங்குப் பொட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு ரெண்டு மைல் நடந்து பஸ் ஏறினேன். சாத்தறதுக்குக் கதவும் இல்லை கண்ணு, வாசல்ல இருந்தது மூங்கில் படல். அதை இழுத்தா சத்தமா வரும்?

ஈரோட்டுல லில்லி டீச்சர்னு ஒருத்தங்க, கல்யாணத்துக்கு முந்தி எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்தவங்க. அவங்க ஊட்டு மாடியில தங்கினேன். லாரி புக்கிங் ஆபீஸ்ல டைப் அடிக்க ஆள் வேணும்னாங்க, போனேன். மொதலாளி அர்த்தநாரி, "பொம்பளை இங்க உக்காந்தா வண்டிக்காரன் வேலையப் பாப்பானா"ன்னார். "பாக்காதவனை எனக்குக் காட்டுங்க"ன்னேன். நல்லாச் சொன்னேன் இல்ல? எல்லாம் நிரஞ்சனா குடுத்த தைரியம். மொத மாசம் டிரைவருக என்னைப் பாத்துச் சினிமாப் பாட்டாப் பாடுவாங்க. அப்புறம் நான் வாந்தி எடுக்க ஆரம்பிச்சேன். டாக்டரம்மா நாள் கணக்குச் சொன்னாங்க. வயித்துல புள்ளையோடதான் படலைத் தாண்டியிருக்கறேன், எனக்கே தெரியாம. எட்டு மாச வயித்தோட டைப் மிஷின் எட்டாம எட்டாம அடிச்சேன். பாட்டு நின்னுபோச்சு. ஒருத்தன் தலைகாணி கொண்டாந்து முதுகுக்கு வெச்சுட்டுப் போனான்.

செங்கோடனும் ஒரு நாள் வந்தார். ஆபீஸ் வாசல்ல, அவங்கம்மாவோட. மேசைக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு, "அம்மா, அவளை வரச் சொல்லு"ங்கறார். அங்கயும்! எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. பக்கத்து மேசைக் கிளார்க்கைக் கூப்பிட்டு, "அண்ணா, அவரைப் போகச் சொல்லுங்க"ன்னேன். அந்த மனுசன் எந்திரிச்சு நின்னு, "சார், போகோணுமாம்"னார். போயிட்டாங்க. அப்புறம் அவருக்கு வேற கல்யாணம் ஆச்சு. ஏழு வருசம் ஆகுது, செத்துப்போனார். மாலை வாங்கிட்டுப் போய்ப் போட்டு வந்தேன். அப்பவும் ஒண்ணும் பேசலை.

பொண்ணு பொறந்தா. நிரஞ்சனான்னு பேரு வெச்சேன். பொறப்பு எழுதற ஆபீஸ்ல "நெருஞ்சிமா"ன்னு எழுதிப்போட்டாங்க. அதை மாத்தறதுக்கு நாலு நடை நடந்தேன். இன்னைக்கு அவளுக்கு நாப்பத்தேழு. கரூருலதான் கட்டிக் குடுத்திருக்கறேன், அங்கதான் போறேன். மாப்பிள்ளை ஏற்றுமதிக் கம்பெனியில மேனேஜர். குடி இல்லை, அடி இல்லை. தங்கமான மனுசன்.

மீதிக் கதையை ஏன் படிக்கலைன்னு கேளு. எங்க படிக்கறது? பத்திரிகை வேலிக்கு அந்தப்பக்கம் நின்னுபோச்சு. லாரி ஆபீஸ்ல கதையா படிப்பாங்க? அதுவுமில்லாம எனக்கு எதுக்கு? அவ போயிட்டா. அது எனக்குத் தெரியும். எங்கயோ ஊட்டியிலயோ கொடைக்கானல்லயோ இந்நேரம் கார் ஓட்டிக்கிட்டு, தலையெல்லாம் வெள்ளையா, ஜம்முனு இருப்பான்னு நெனைச்சுக்குவேன். கஷ்டம் வந்தா, அவ என்ன பண்ணியிருப்பான்னு ரோசனை பண்ணுவேன். அர்த்தநாரி மொதலாளி செத்து, அவர் பசங்க ஆபீஸை இழுத்து மூடப்போனப்ப நானே எடுத்து நடத்தறேன்னு சொன்னேனே, அதுகூட அவளை நெனைச்சுத்தான்.

தை மாசம் எங்க பக்கத்துக் கிளை நூலகத்துல போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. வாசகர் வட்டம். பழைய நாவல் மறுவாசிப்பு. "தாழம்பூவும் தீக்குச்சியும்: நிரஞ்சனா புரட்சிப் பெண்ணா?" பட்டுச்சீலை கட்டிக்கிட்டுப் போனேன். மொத வரிசையில உக்காந்தேன்.

சிந்துஜான்னு ஒரு காலேஜ் டீச்சர் பேசுச்சு. முப்பது வயசு இருக்கும், காதுல பெரிய மரத்தோடு. கட்டமைப்பு, கட்டமைப்புன்னுது. எனக்கு எங்க ஆபீஸுக்குப் பின்னால பில்டிங் கட்டறவன் ஞாபகந்தான் வந்துது. அப்புறம் புரியற மாதிரியும் சொல்லுச்சு. "நிரஞ்சனா எதிர்த்துப் பேசற ஒவ்வொரு இடத்துலயும், அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவ முந்தானை நழுவுது. மொத்தம் பதினேழு இடம். இவ பெண்களுக்காக எழுதின புரட்சிக்காரி இல்லை, ஆண்கள் பாத்து ரசிக்க எழுதின புரட்சிக்காரி"ன்னுது. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் முப்பது வாரம் படிச்சிருக்கறேன், எனக்கு ஒரு முந்தானைகூட ஞாபகம் இல்லை கண்ணு.

"இவளோட விடுதலை, சமையல்காரியும் ஊட்டியில அப்பா பங்களாவும் இருக்கறவளோட விடுதலை. அதுவும் கடைசியில புருசன் கால்ல விழுந்து..."

நான் எந்திரிச்சேன். "பொய்!"னேன்.

"அம்மா, நீங்க நாவலைப் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கறயான்னு என்னைக் கேக்கறயா? நான் அதை நடத்திக் காட்டினவ!"

நூலகர் நல்ல மனுசன், புஸ்தகத்தை எடுத்தாந்து கடைசி அத்தியாயத்தைப் பிரிச்சு என் கையில குடுத்தார். நின்னுக்கிட்டே படிச்சேன்.

மழை பேயுது. அவ நனைஞ்சுக்கிட்டு வர்றா. (முந்தானை நழுவுது. அப்பத்தான் நானும் கவனிச்சேன்.) ஜட்ஜு வாசல்ல நிக்கறான். அவன் கால்ல விழுந்து, "பறக்கத் தெரிந்தது, கூடுதான் தெரியவில்லை"ங்கறா. அப்புறம் பூஜை ரூமுக்குப் போய்த் தன்னோட டிரைவிங் லைசென்ஸைக் குத்துவிளக்குல காட்டிக் கொளுத்தறா. நான் லாரி ஆபீஸ்காரி. டூப்ளிகேட் லைசென்ஸு வாங்க எத்தனை நாள் அலையோணும்னு அந்த எழுத்தாளனுக்குத் தெரியுமா? அப்புறம் கடைசி வரி. "பிறகு ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முற்றும்."

கால்ல விழுந்ததைக்கூட விடு. அந்த ஃபிளாஸ்க்கைக் கழுவினா பாரு, அதுதான் எனக்கு ஆறலை.

சிந்துஜா தன்னோட ஸ்கூட்டர்லயே என்னை ஊட்ல கொண்டாந்து விட்டுது. காபி போட்டுக் குடுத்தேன். செங்கோடன் கதையிலிருந்து டைப் மிஷின் வரைக்கும் எல்லாம் கேட்டுது. கேட்டுப்போட்டு, "அம்மா, இதுல நிரஞ்சனா ஒண்ணுமே செய்யலையே. எல்லாம் நீங்கதானே செஞ்சீங்க"ன்னுது. எனக்குச் சுருக்குன்னு போச்சு. "வழி காமிச்சது அவ"ன்னேன். "அந்த வழி முப்பதாவது வாரத்தோட முடிஞ்சுபோச்சும்மா. அதுக்கப்புறம் நீங்க நடந்தது எந்த நாவல்லயும் இல்லை"ன்னுது. நல்ல புள்ளைதான். படிச்ச புள்ளைகளுக்கு மரியாதை தெரியறதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு புஸ்தகம் வாங்கி முழுசாப் படிச்சேன். மூணு நாள். ஆபீஸுக்குப் போகலை. இருபத்திரண்டு வயசுல படிச்சப்ப எனக்கு நிரஞ்சனா மட்டுந்தான் தெரிஞ்சா. இப்பப் படிச்சா, பக்கத்துக்குப் பக்கம் பாக்கியம்னு ஒரு சமையல்காரி வந்துக்கிட்டே இருக்கறா. டம்ளர் கொண்டு வர்றா, டம்ளர் எடுத்துட்டுப் போறா. நானூறு பக்கத்துல அவ பேசினது ஒரே வார்த்தை. "சரிங்கம்மா." காபி ஃபிளாஸ்க்கில் இருக்கிறதுன்னு பெருசாச் சொல்லீட்டுப் போனாளே, அந்தக் காபியைப் போட்டது யாரு? விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு? அந்தப் பாக்கியம் எங்கயும் போகலை. போறதுக்கு யாரும் அவளைக் கதையில விடலை. என்ற ரசமாவது நானே வெச்சது.

சரி, போனவ போனாளே, அப்புறம் என்ன பண்ணினான்னு பாத்தா, ஊட்டி பங்களாவுல ஜன்னலோரம் உக்காந்து இருபத்திரண்டு வாரம் இருமறா! ஒரு வேலைக்குப் போகலை. ஒரு பத்துப் பாத்திரம் கழுவலை. ஒரு கவிஞன் வந்து இவளைப் பாத்துப் பெருமூச்சு விடறான், இவ அவனைப் பாத்து இருமறா. அப்புறம் திரும்பிப் போறா. திரும்பிப் போறதாம்! போனவ எங்காச்சும் திரும்பிப் போவாளா?

என்ன கண்ணு? என்ற மகளா? அவளுக்கென்ன?

ஆமா, அவளும் ஒருவாட்டி வந்தா. ரெண்டு வருசம் ஆச்சு. பேரன் பெங்களூர்ல வேலைக்குச் சேந்த மறு மாசம், சூட்கேஸோட வந்து நின்னா. "என்னால முடியலம்மா. அவர் என்கூடப் பேசறதே இல்லை. ஒரே ஊட்ல இருந்துக்கிட்டு, மளிகைச் சீட்டை எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுப் போறார்"னா. நான் சொன்னேன், "பேசாட்டி என்ன சாமி? வேலைக்குப் போயிட்டு வர்ற மனுசன், களைப்பா இருக்கும். குடிக்கறாரா? அடிக்கறாரா?" இல்லைங்கறா. "அப்புறம் என்ன?"

மாப்பிள்ளை எனக்கு மெசேஜ் போட்டார். "அத்தை, அவளை வரச் சொல்லுங்க." நான் அவகிட்ட, "வரச் சொல்றாருடி"ன்னேன். மறுநாளே கார் ஏத்தி அனுப்பிப் போட்டேன். நெய் மைசூர்பாகு ஒரு டப்பா குடுத்து விட்டேன்.

இது வேற, அது வேற கண்ணு. அப்படிப் பாக்காதே. என்ற காலத்துல நான் ஒருத்தி போனேன். ஊர் பேசுச்சு. பேசி ஓஞ்சு, இப்பத்தான் சம்பூரணக்கான்னு மரியாதையாக் கூப்பிடறாங்க. என்ற மகளும் வந்துட்டான்னா என்ன சொல்லுவாங்க? "ஆத்தாளைப் போலத்தான் மகளும்"பாங்க. நாப்பத்தஞ்சு வருசம் சேத்து வெச்ச பேரு. அவளுக்கும் அது புரிஞ்சுது. ஒண்ணும் பேசாம கார்ல ஏறிட்டா. அதுக்கப்புறம் ஒரு புகார் சொன்னதில்லை. வாரம் ஒருக்காப் போன் பண்ணுவா, நல்லா இருக்கறேம்பா.

நான் கோயமுத்தூர் போன கதைக்கு வர்றேன்.

சாருநாதன் இன்னும் உசுரோடதான் இருக்கறார்னு சிந்துஜா சொல்லுச்சு. அட்ரஸும் குடுத்துது. அப்பார்ட்மெண்ட், நாலாவது மாடி. அவரும் சம்சாரமும் மட்டும். போன வியாழக்கிழமை போய்ப் பெல் அடிச்சேன். இஸ்திரி போட்ட சட்டை, காதுல மிஷின். ஷோகேஸ் பூரா ஷீல்டு. பாராட்டுவிழாவுக்குக் கூப்பிட வந்திருக்கறேன்னு நெனைச்சுக்கிட்டார். "எந்த அமைப்பும்மா?"ன்னார். "லாரி புக்கிங்"னேன்.

"தாழம்பூவும் தீக்குச்சியும் பத்திப் பேச வந்தனுங்க."

மூஞ்சி மலர்ந்துபோச்சு. "என்னோட உச்சம்மா அது."

"கதாநாயகி பேரு சொல்லுங்க பாக்கலாம்."

கண்ணை மூடி ரோசனை பண்ணினார். "சுரஞ்சனா"ன்னார்.

என்ற மகளுக்கு வெச்ச பேரு கண்ணு! நாலு நடை நடந்து மாத்தின பேரு!

"அவளை ஏனுங்க திருப்பி அனுப்பினீங்க?"ன்னேன்.

"அதை ஏம்மா கேக்கறீங்க. அவ வெளியேறின வாரம் மூட்டை மூட்டையா லெட்டர். குடும்பத்தைக் கெடுக்கறான்னு. ஆசிரியர் கூப்பிட்டு, 'அவளை வீட்டுக்கு அனுப்பறீங்களா, இல்லை உங்களை நான் வீட்டுக்கு அனுப்பட்டுமா'ன்னார்." சொல்லிட்டு அவரே சிரிச்சார். நான் சிரிக்கலை.

"அவ போனதைப் படிச்சுப்போட்டு நானும் போயிட்டனுங்க"ன்னேன்.

"எங்கே?"

"புருசனை விட்டுப்போட்டு."

காது மிஷினைத் திருகினார். இன்னொருவாட்டி சொல்லச் சொன்னார். சொன்னேன். மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அம்மா, அது கற்பனை. கீழயே போட்டிருப்பாங்களே, யாவும் கற்பனைன்னு. நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? கோமளா! கோமளா, இங்க வா! ஏம்மா, கேஸ் கீஸ் ஏதாவது போடற எண்ணமா?"

கேஸாம்! நான் எப்படிப் பொழைச்சேன், எங்க தங்கினேன், என்ன சாப்பிட்டேன், ஒரு கேள்வி கேக்கலை. தீக்குச்சியை எழுதின கை அது. சோபாவைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு இருக்குது. எனக்கே பாவமாப் போச்சு.

"கேஸெல்லாம் வேண்டாமுங்க. கடைசி அத்தியாயத்தை மாத்தி எழுதிக் குடுங்க"ன்னேன்.

"இப்பவா? ஒரு காலேஜ்ல பாடமா வெக்கறதாப் பேச்சு இருக்கும்மா. இந்த நேரத்துல மாத்தினா..."

எந்திரிச்சு வந்துட்டேன். அவர் சம்சாரம் கோமளவல்லியம்மா லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தாங்க. அவருக்கு எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குமாம், அம்பத்திரண்டு வாரமும் பத்திரிகைக்கு நல்ல கையெழுத்துல எழுதிக் குடுத்தது இவங்கதானாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, "நெஜமாவே போயிட்டேளா?"ன்னாங்க. ஆமான்னேன். "திரும்பி வரவே இல்லையா?" இல்லைன்னேன். லிஃப்ட் வந்துது. கதவு மூடப்போறப்ப கையை விட்டுத் தடுத்து, "ஒரு நாள்கூட? போகணும்னு தோணக்கூட இல்லையா?"ன்னாங்க. "தோணவே இல்லீங்க"ன்னேன். கதவு மூடிக்கிச்சு.

ஊட்டுக்கு வந்ததும் அரிவாமணையை எடுத்தேன். முப்பதாவது வாரம் வரைக்கும் வெச்சுக்கிட்டு, மீதியை அறுத்து எடுத்துட்டேன். இந்தப் பையிலதான் இருக்குது பாரு, எளைச்சுப்போய். நிரஞ்சனாவுக்குக் குடுக்கப் போறேன். இந்தப் பேரு எங்கிருந்தும்மா வந்துதுன்னு சின்ன வயசுல கேட்டுக்கிட்டே இருப்பா. அவளும் படிக்கட்டும்.

படிச்சுப்போட்டு அவளும் கெளம்பிட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறயா? நல்லாக் கேட்டே! அவ எங்க போவா? அவளுக்கு என்ன கொறை? கதையைப் படிச்சுப்போட்டா யாராச்சும்...

இரு, போன் அடிக்குது. மாப்பிள்ளை. இவர் எனக்குப் போன் பண்ணி நான் பாத்ததே இல்லையே.

சொல்லுங்க மாப்பிள்ளை... இல்லீங்களே. நானே அங்கதான் வந்துட்டு இருக்கறேன், பஸ்ஸுல... எப்ப? முந்தாநாளா! இன்னைக்குச் சொல்றீங்க?... என்ன சொல்லீட்டுப் போனா?... நீங்க ஒண்ணும் கேக்கலையா?... இல்லை, எங்க ஊட்டுக்கு வரலை. சத்தியமா வரலை மாப்பிள்ளை. வெச்சரட்டுங்களா.

போயிட்டா கண்ணு.

முந்தாநாள் காத்தால போயிட்டாளாம். எங்க ஊட்ல இருக்கறான்னு அவர் நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கறார். எங்க ஊட்லதானே இருக்கோணும்? பெத்தவ நான் இருக்கறேன். தனியா இருந்து காட்டினவ நான் இருக்கறேன். ரெண்டு ரூம் சும்மா கெடக்குது. ஏன் எங்கிட்ட வரலை?

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியுது. மைசூர்பாகு டப்பா குடுத்து அனுப்பினவகிட்ட எவ வருவா?

அந்தத் தண்ணி பாட்டிலைச் சித்தக் குடு. இரு. அவளுக்குப் போடறேன். எடுக்க மாட்டா. அடிக்குது... அடிக்குது... சாமி! அம்மாதான். இல்லை, திட்டலை. திட்டறதுக்குப் பண்ணலை. மாப்பிள்ளை சொன்னார்... நல்லா இருக்கறயா?... கூட யாரு? காலேஜ் சினேகிதியா? சரி... எந்த ஊரு... வேண்டாம், வேண்டாம், சொல்லாதே! எனக்குச் சொல்லாதே. தெரிஞ்சா நான் வந்துருவேன். வந்தாப் பேசுவேன். என்ற வாயி உனக்குத் தெரியும்ல... ஆமா... நான் அன்னைக்கு உன்னை அனுப்பியிருக்கக் கூடாது சாமி. எனக்கு என்ற பேரு பெருசாத் தெரிஞ்சுது... அழாதே. நான் அழலை... என்ன?... என்ன கேட்டே?... இரு. எறங்கிக் கூப்பிடறேன். பஸ்ஸுக்குள்ள வேண்டாம். அஞ்சு நிமிசம். எடுக்கோணும் என்ன?

கண்டக்டர் தம்பி, கொடுமுடியில நிறுத்துப்பா. ஆமா, கரூர் டிக்கெட்டுதான். கரூருல இப்ப எனக்கு வேலையில்லை.

அவ ஒண்ணு கேட்டா கண்ணு. "அம்மா, போன அன்னைக்கு உனக்குத் திரும்பிப் போயிரலாம்னு தோணுச்சா?"ங்கறா. கோமளவல்லியம்மாவுக்குச் சொன்ன பதிலை இவளுக்குச் சொல்ல முடியுமா? ஒருத்தருக்கும் சொன்னதில்லை. லில்லி டீச்சருக்கே தெரியாது. அன்னைக்குச் சாயங்காலம் டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தாங்க. அவங்க மாடியில ஒத்தையில உக்காந்திருந்தேன். பயம்னா பயம், அப்படியொரு பயம். பொட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அவர் கால்ல விழுகறதுக்குத்தான். ஓடி ஓடி வந்தேன்.

காங்கயத்துக்குக் கடைசி வண்டி அப்பத்தான் போயிருந்துது.

நிரஞ்சனாவும் இல்லை, தீக்குச்சியும் இல்லை. வண்டி இல்லை, அதனால திரும்பி நடந்து மாடிக்கு வந்துட்டேன். விடிஞ்சப்ப அவ்வளவு பயம் இல்லை. அதை அவளுக்குச் சொல்லோணும். அவளும் இப்ப எங்கயோ ஒரு மாடியில உக்காந்துதான் கேக்கறா.

நகந்துக்க கண்ணு, எறங்கறேன்.